படுத்த சோளமும் பாதிப் பட்டாவும்

1

என் வீட்டுக்குப் பின்னால் மூன்று நாளாக ஒரு கதிர் அறுக்கும் வண்டி ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கிறது. வடக்கே பார்த்து ஆமை வேகத்தில் அறுத்துக்கொண்டு போகிறது. எல்லை வந்ததும் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வெறும் வண்டியாகத் தெற்கே திரும்பி வருகிறது. மறுபடியும் வடக்கே. விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் ஓட்டுகிறவருக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்பார்கள்.

காரணம் இருக்கிறது. ஆகஸ்டில் அடித்த காற்றில் இங்கே அமெரிக்காவில், அயோவாவில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மக்காச்சோளம் தெற்கே தலை வைத்துப் படுத்துவிட்டது. படுத்த பயிரை அதன் தலைக்கு எதிரே போய்த்தான் எடுக்க வேண்டும். வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் கூம்புகள் தட்டைக்கு அடியில் நுழைந்து தூக்கினால்தான் கதிர் உள்ளே வரும். பயிர் சாய்ந்த வாக்கிலேயே போனால் வண்டி அதை இன்னும் நன்றாக மண்ணோடு அமுக்கி, மேலே ஏறிப் போய்விடும்.

ஓட்டுகிறவர் டேல். எழுபதைத் தாண்டியவர், எனக்குப் பக்கத்து நிலத்துக்காரர். நான் விவசாய இயந்திரங்கள் விற்கும் ஒரு கடையில் பழுது பார்க்கிற பொறியாளன். கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, மேல்படிப்பு என்று இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. இந்தியன் என்றால் கம்ப்யூட்டர் என்று நினைத்திருந்த இந்த ஊர்க்காரர்கள் என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். எங்கள் சொந்த ஊர் மகாராஜபுரத்தில் இன்றைக்கு வரை நம்பவில்லை. “அம்புட்டு தூரம் போயும் டிராக்டர் மெக்கானிக்குத்தானா?” என்று ஒரு சித்தப்பா என் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

அறுவடை தொடங்கியதிலிருந்து எனக்கு போன் ஓயவில்லை. தட்டை சுற்றிக்கொண்டது, சங்கிலி அறுந்தது, கல் உள்ளே போய்விட்டது என்று ஒரே ஒப்பாரி. சனிக்கிழமை டேல் வண்டியை நிறுத்திவிட்டு வேலி ஓரம் வந்தார். காப்பீட்டுக்காரர் வந்து அளக்கிற வரைக்கும் நடுவில் நாலு வரிசையைத் தொடக் கூடாதாம். அந்த நாலு வரிசையைச் சுற்றிச் சுற்றிப் போய் அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, “உங்கள் ஊரில் இப்படிப் படுத்த சோளத்தைப் பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டார்.

“பார்த்திருக்கிறேன். போன ஜனவரியில் நானே நின்று அறுத்தேன்” என்றேன்.

“நன்றாக அறுத்தாயா?”

“ஒரு கதிர்கூட வீணாகாமல் அறுத்தேன். அறுத்த பிறகு கெடுத்தேன்.”

அவர் சிரித்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

போன மார்கழியில் நான் ஊருக்குப் போனது நிலத்தை விற்க. மறைத்து எழுதிப் பயனில்லை.

அப்பா விட்டுப் போனது மூன்றரை ஏக்கர். மகாராஜபுரத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்தாற்போல இருக்கிறது. பட்டா என் பேரிலும் அக்கா பேரிலும் கூட்டுப் பட்டா. அக்கா செல்லத்தாய் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்தான் ராஜபாளையத்தில் நூல் மில்லுக்கு ஷிப்ட் போகிறவர். பஸ் நேரம் தெரியும், பஞ்சு தெரியும், மண்வெட்டி தெரியாது. வெள்ளாமை முழுக்க அக்கா கையில்தான். விதைப்பதும் களை எடுப்பதும் உரக்கடையில் சண்டை போடுவதும் அவள்தான்.

விற்கிற யோசனை என் மகளிடமிருந்து வந்தது. அவளுக்குப் பதினேழு வயது. ஒருநாள் சாப்பிடும்போது ஊர் நிலத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். “எனக்கு எதுக்குப்பா அது?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். துடுக்காகக் கேட்கவில்லை. இன்னொரு தோசை வேண்டாம் என்று சொல்வதைப் போல, அவ்வளவு இயல்பாகக் கேட்டாள். அவள் பிறந்தது இங்கே. அத்தையிடம் போனில் “நல்லா இருக்கீங்களா”வுக்கு மேல் அவளால் போக முடியாது. அந்தப் பக்கம் அக்காவும் அதற்கு மேல் கேட்க மாட்டாள். என் காலத்துக்குப் பிறகு இந்த ஒன்றே முக்கால் ஏக்கர் இவளுக்கு வெறும் தலைவலி என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

தலைவலி என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். பட்டாவில் நான் ச. குமரேசன். பாஸ்போர்ட்டில் குமரேசன் சங்கரலிங்கம். இங்கே வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ‘மிஸ்டர் சங்கரலிங்கம்’ என்று கூப்பிடும்போது, செத்துப்போன அப்பாவைத் தேடுகிறார்கள் என்று இன்னமும் ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திர ஆபீஸ் எழுத்தரிடம் என் காகிதங்களை நீட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“சார், இதுல குமரேசன் யாரு, சங்கரலிங்கம் யாரு?”

“குமரேசன் நான். சங்கரலிங்கம் எங்க அப்பா.”

“அவிய தவறிட்டாகன்னு இந்தா சர்டிபிகேட் இருக்கு. அப்போ அமெரிக்கா பாஸ்போர்ட்டுல இருக்கது யாரு?”

“அதுவும் நான்தான்.”

“நீங்கதான்னு எனக்குத் தெரியுது சார். தாளுக்குத் தெரியணுமே.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இருவரும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்கி வரச் சொன்னார். வி.ஏ.ஓ. ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடந்து, இரண்டு பக்கத்து நிலத்துக்காரர்களைச் சாட்சிக்குக் கூட்டிப்போய், நான் நான்தான் என்று நிரூபிக்க எனக்கு எட்டு நாள் ஆனது. இதே வேலையை என் மகள் செய்வதாகக் கற்பனை செய்து பாருங்கள்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அழவுமில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள்.

“ஏலே, போன வருசம் மழை இல்ல, போச்சு. அதுக்கு முந்தின வருசம் படைப்புழு தின்னுட்டு, அதுவும் போச்சு. இந்த வருசம் கதிர் எப்படிப் பிடிச்சிருக்குன்னு நீயே போய்ப் பாரு. இது நல்லபடியா வீடு வந்து சேந்துச்சுன்னா நிலத்தைப் பத்தி நீ பேசக் கூடாது. சேரலைன்னு வையி, நீ காட்டுற இடத்துல கையெழுத்துப் போடுதேன். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

நான் ஒத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தேன். தட்டைக்குத் தட்டை முழங்கை நீளக் கதிர், தோல் வெளுத்து முற்றிப்போய், இன்னும் பத்து நாள் வெயில் பட்டால் போதும் என்று நின்றது.

3

பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது மழை பிடித்தது. கார்த்திகையோடு போயிருக்க வேண்டிய மழை. இரவெல்லாம் கிழக்கேயிருந்து காற்று. விடிந்ததும் அக்காவும் நானும் போய்ப் பார்த்தோம். மூன்றரை ஏக்கரும் மலையைப் பார்த்துத் தலை வைத்துப் படுத்துக் கிடந்தது.

அக்கா வரப்பில் நின்றாள். குனிந்து ஒரு தட்டையை நிமிர்த்தினாள். அது மறுபடி விழுந்தது. இன்னொன்றை நிமிர்த்தினாள். அதுவும் விழுந்தது. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். இனி வாதம் தேவையில்லை, கையெழுத்து தானாக வந்துவிடும் என்று ஒரு நிம்மதி வந்தது. அது வந்த வேகத்தில் என் மேலேயே எனக்கு அருவருப்பும் வந்தது. கூடப் பிறந்தவள் நாலு மாதம் முதுகு ஒடியப் பாடுபட்ட பயிர் சேற்றில் கிடக்கிறது, தம்பிக்காரன் பத்திரத்தை நினைக்கிறான். அந்த வெட்கத்தில்தான் நான் தலைகால் தெரியாமல் வேலையில் இறங்கினேன் என்று இப்போது படுகிறது.

“நாலு வெயில் விடட்டும்லே. பொறவு பொம்பளையாள விட்டுக் கதிரைக் கையால ஒடிச்சுப் போடலாம். தோலோட கிடந்தா ஒண்ணும் ஆவாது” என்றாள் அக்கா.

“பொங்கல் வாரத்துல ஆளுக்கு எங்க போவ? அதுக்குள்ள தட்டை அழுகிப்போகும்க்கா. மண்ணுல கிடக்க கதிர் முளை விட்டுரும். வண்டி கொண்டாந்து இன்னைக்கே அறுத்துரலாம். இருபத்திரண்டு வருசமா நான் இதைத்தான் பாக்கேன்.”

அவள் வரப்பை விட்டு இறங்கினாள். “உனக்குத் தெரியும்னா சரி” என்றாள்.

வத்திராயிருப்பில் நெல் அறுத்துக்கொண்டிருந்த பெல்ட் வண்டி ஒன்றைப் பிடித்தேன். டயர் வண்டி அந்த ஈர மண்ணில் புதைந்துவிடும். சோளத்துக்கான முன்பாகத்தை மாட்டிக்கொண்டு மறுநாள் உச்சிவேளைக்கு வந்து சேர்ந்தார் டிரைவர் பழனி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நான் மலைப்பக்கத்திலிருந்து கிழக்கே பார்த்து மட்டும் அறுக்க வேண்டும், திரும்பும்போது வெறும் வண்டியாக வர வேண்டும் என்றதும் இன்ஜினை அணைத்துவிட்டார்.

“வேண்டாம் சார். இது மணிக்கணக்கு வாடகை. வெறும் வண்டிய ஓட்டினா ஏமாத்துறான்னு சொல்லி ஊரே சேர்ந்து என்னை அடிக்கும்.”

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. வரப்பில் ஏழெட்டு ஆண்கள் செல்போனில் மணி பார்த்தபடி நின்றார்கள். எங்கள் பக்கத்தில் வண்டி யார் நிலத்தில் ஓடினாலும் இந்தக் காவல் உண்டு. டிரைவர் டீ குடிக்க இறங்கினால்கூட நேரம் குறிப்பார்கள். நான் காரணத்தை விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்துவிட்டு ஒருவர், “வெறும் வண்டி ஓட்டுறதுக்குத்தான் அமெரிக்காவுல போய்ப் படிச்சுட்டு வந்திருக்காரு” என்றார்.

பழனிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கூம்புகளை மண்ணை முகர்கிற அளவுக்கு இறக்கச் சொன்னேன். ஆள் நடக்கிற வேகம்தான். முதல் வரிசையில் பாதி தூரம் போனதும் படுத்திருந்த தட்டை தலையைத் தூக்கி, சுருண்டு உள்ளே போனது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். தரையில் ஒரு கதிர் இல்லை. பழனி விசில் அடித்தார். “சார், பத்து வருசமா ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாதிக் கதிர மண்ணுக்கே குடுத்துட்டு இருந்திருக்கேன்” என்றார். அதற்குப் பிறகு நான் சொல்லாமலே வெறும் வண்டியாகத் திரும்பினார். வரப்பில் இருந்தவர்கள் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

அறுப்பு முடிந்தால் சிந்திய கதிரைப் பொறுக்க நாலைந்து பெண்கள் சாக்கோடு வருவது வழக்கம். அன்றைக்கு அவர்கள் வெறும் சாக்கோடு திரும்பினார்கள். “என்ன இது, கோழிக்குக்கூட ஒண்ணும் விடலையே” என்று ஒருத்தி என்னைத் திட்டினாள். அக்கா சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் பல் தெரியச் சிரித்தது அப்போதுதான்.

“ஏலே, நீ நெசமாவே வேலைதான் பாக்க போலிருக்கு” என்றாள்.

4

இங்கே அயோவாவில் ஈரம் ஒரு எண், அவ்வளவுதான். லாரி கிடங்குக்குப் போகும், ஒருவர் குழாயை விட்டு ஈரம் அளப்பார், அதிகம் இருந்தால் உலர்த்தும் இயந்திரத்துக்குள் தள்ளிவிடுவார்கள். காலையில் காய்ந்திருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் சோளம் எப்படிக் காய்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நான் யோசித்ததெல்லாம் சங்கிலியும் பல்சக்கரமும்தான்.

மகாராஜபுரத்தில் உலர்த்தும் இயந்திரம் என்பது வெயில். வண்டி அறுக்கும்போதே மணியை உதிர்த்துவிடுகிறது. தோலோடு கிடந்திருக்க வேண்டிய கதிர் ஈர மணியாகிக் களத்தில் மலைபோல் குவிந்தது. வானம் மறுபடி மூடிக்கொண்டது. தார்ப்பாய் போட்டு மூடினோம். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. மறுநாளும் வெயில் இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா தார்ப்பாயைத் தூக்கிக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் விட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது. லேசாகப் புளித்த வாடை. இன்னும் ஒரு நாள் இப்படியே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், கோழித்தீவனக்காரன்கூடத் தொட மாட்டான். அவள் வேண்டாம் என்று சொன்னதை நான் வேண்டும் என்று சொல்லிச் செய்திருக்கிறேன். கதிரை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து கெடுத்திருக்கிறேன். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்தவன் என்று ஊர் சொன்னால் அது என்னைத்தான்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டமாட்டாளா என்று இருந்தது எனக்கு. “அக்கா, நான்…” என்று ஆரம்பித்தேன்.

“செத்த நேரம் சும்மா இருலே” என்றாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு தெருவுக்குள் நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

முதல் வீட்டு வாசலில் நின்று, “மதினி, ஒரு மூடை” என்றாள். அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து, “கொண்டாங்க” என்று குரல் வந்தது.

அடுத்த வீடு. “அத்தை, ஒரு மூடை.” “கொண்டா தாயி.”

எனக்குப் புரியாமல் அத்தானிடம் கேட்டேன். அவர் மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். களத்தில் ஈரத் தானியம் மாட்டிக்கொண்டால் தெருவில் வீட்டுக்கு ஒரு மூடை எடுத்துப் போய்த் தரையில் பரப்பி, காற்றாடி போட்டுக் காய வைத்துக் கொடுப்பது சிமெண்டுத் தரை வந்த காலத்திலிருந்து நடக்கிறதாம். மறுக்கிற வழக்கம் இல்லை. ஆனால் அது பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி என்பதை நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். எல்லா வீடும் வெள்ளையடித்து, பாத்திரம் பண்டமெல்லாம் கழுவி, தரை பளபளவென்று இருந்தது. அந்தத் தரைகளில் போய் நாங்கள் சேறு அப்பிய, புளித்த வாடை அடிக்கிற சோளத்தைக் கொட்டினோம். சிறிய வீட்டுக்கு ஒரு மூடை, பெரிய வீட்டுக்கு இரண்டு. இருட்டுவதற்குள் களம் காலியாகிவிட்டது.

அந்த முறை எங்கள் தெருவில் பாதிப்பேர் சோளத்தைத் தாண்டித் தாண்டி நடந்துதான் பொங்கல் வைத்தார்கள். மணிக்கு ஒருமுறை காலால் கிளறிவிட்டார்கள். நான் மகளுக்கு வீடியோவில் காட்டினேன். காற்றாடிக்குக் கீழே மஞ்சளாகப் பரந்து கிடக்கும் அறையையும், கட்டில் மேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு டிவி பார்க்கும் குடும்பத்தையும் பார்த்துவிட்டு, “இவங்க எல்லாரும் நமக்குச் சொந்தமாப்பா?” என்று கேட்டாள். பாதிப்பேர் இல்லை என்றேன். அவளுக்கு அடுத்த கேள்வி இருந்தது. அதற்குள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

5

மாட்டுப் பொங்கல் அன்று வெயில் வந்தது. அதற்கு மறுநாள் மூடைகளைத் திரும்ப எடுக்கக் கிளம்பினோம். அக்கா என் கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்தாள்.

“இது எதுக்கு?”

“அள்ளுறது மட்டுமில்ல. அள்ளிட்டு அந்த வீட்டை நாமதான் பெருக்கித் துடைச்சு விட்டுட்டு வரணும். அதுதான் முறை.”

வேறு கூலி கிடையாது, நன்றியும் கிடையாது. தானியத்துக்குச் சொந்தக்காரன் தன் கையால் பெருக்க வேண்டும். ஆள் விடக் கூடாது. நான் ஒரு நாள் முழுக்கத் தெருவில் வீடு வீடாகப் பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், அடுப்பங்கரை மூலையில் எல்லாம் மணி உருண்டு கிடந்தது. இடுப்பு விட்டுப்போனது.

தெருக்கோடி வீட்டு ரெங்கம்மா வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர். “ரா தம்பி, லோபலிக்கி ரா” என்று உள்ளே கூப்பிட்டு, நான் பெருக்குவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

“அமெரிக்காவுல உங்க வீட்டை யாரு பெருக்குவா?”

“ஒரு சின்ன மெஷின் இருக்கு. தானா ஓடிப் பெருக்கும்.”

“அதுவும் ஒரே பக்கமாத்தான் போகுமா?”

வீட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மூடையைத் தூக்கி, வாய் தவறி “தேங்க்ஸ்” என்றேன். கடையில் நாளைக்கு நூறு முறை சொல்கிற வாய். ரெங்கம்மாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது.

“நான் என்ன கடையா வச்சிருக்கேன்?” என்றார்.

அக்கா விளக்குமாற்றை என் கையிலிருந்து வாங்கி, நான் விட்டுவிட்ட ஒரு மூலையை மறுபடி பெருக்கினாள். “அவன் அங்கயே இருந்து பழகிட்டான் மதினி, மனசுல வச்சுக்காதீக” என்றாள். அதைக் கேட்கும்போது எனக்கு வலித்தது.

அடியில் கிடந்த இரண்டு மூடை கறுத்துப்போய்விட்டது. மற்றதெல்லாம் கல்லுப்போலக் காய்ந்து வீடு வந்து சேர்ந்தது. வியாபாரி வந்து பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு குறை சொல்லாமல் எடை போட்டான். பேச்சுப்படி நிலத்தைப் பற்றி நான் இனி பேசக் கூடாது.

6

பேசவில்லை. ஆனால் அந்தத் தெருவைப் பெருக்கும்போதே வேறொன்றை முடிவு செய்திருந்தேன். என் பாதியை அக்காவுக்கே எழுதிக் கொடுத்துவிடுவது. அவள் சிந்திய வேர்வையில் எனக்குப் பங்கு எதற்கு? முதல் நாள் வரப்பில் நின்று நான் நினைத்த நினைப்புக்கு அதுதான் பிராயச்சித்தம் என்று பட்டது. நான் நான்தான் என்ற சான்று வேறு கையில் தயாராக இருந்தது. அயோவாவுக்குத் திரும்ப மூன்று நாள் இருக்கும்போது, ஒரு வேலை இருக்கிறது வா என்று மட்டும் சொல்லி அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

பத்திரம் எழுதுகிறவர் ஒரு முறை வாசிக்கிறேன் என்று ஆரம்பித்தார். “…மேற்படி சொத்தில் எனக்குரிய பாகத்தை யாதொரு பிரதிபலனும் இன்றி என் சகோதரிக்கு முழு மனதுடன் விட்டுக்கொடுத்து, இனி அதில் எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை…”

“செத்த நிப்பாட்டுங்க” என்றாள் அக்கா. என்னைப் பார்த்தாள். “இது என்னதுலே?”

“என் பங்கை உன் பேருக்கு எழுதிட்டேன்க்கா. இனிமே முழுசும் உனக்கு. நான் விக்கச் சொல்லவும் முடியாது.”

அவள் சந்தோஷப்படுவாள், அழுவாள் என்று நான் எதையெதையோ எதிர்பார்த்திருந்தேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். வாசலில் வேப்பமரத்தடியில் நின்றவளைப் போய்ப் பார்த்தேன். முகம் சிவந்து கிடந்தது. கோபம். என் வாழ்நாளில் அவள் என் மேல் அப்படிக் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. சோளக் குவியல் சுட்டபோதுகூட இல்லை.

“யாரு கேட்டா உன்கிட்ட? நிலம் வேணும்னு நான் கேட்டனா?”

“நீதானே விக்கக் கூடாதுன்னு…”

“விக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். உன் பங்கைக் குடுன்னு சொன்னனா? ஏலே, இருபத்திரண்டு வருசத்துல நீ எத்தனை தடவை ஊருக்கு வந்திருக்க? அப்பா செத்தப்போ வந்த. வாரிசு சர்டிபிகேட்டுக்கு வந்த. பட்டா மாத்த வந்த. இந்தா இப்ப விக்கதுக்கு வந்த. உன் அக்காவைப் பாக்கணும்னு ஒருக்க வந்திருக்கியா? எனக்கு அது தெரியாதுன்னு நினைச்சியா? சரி, கையெழுத்துக்காவது வாரானே, பத்து நாளாவது என் கையால திங்கானேன்னு இருக்கேன். அதையும் எழுதிக் குடுத்துட்டா, இனி நீ எதுக்குடா வருவ?”

நான் வாயைத் திறந்தேன். நிச்சயம் வருவேன் என்று சொல்ல வேண்டும். அவள் கணக்கு அவ்வளவு சரியாக இருந்ததால் அந்த வார்த்தை வரவில்லை. ஆபீஸ் வாசலில் பத்திரத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பது வயதை நெருங்குகிற நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை.

“பட்டாவுல உன் பேரு இருக்கட்டும். உன் மகளுக்கு வேண்டாம்னா அவ பொறவு பாத்துக்கிடட்டும். வா, பஸ்ஸு வந்துரும்” என்றாள்.

எழுதிய தாளுக்கு மட்டும் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பி வருகிற வழியில் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக ஏறினார்கள். நெரிசலில் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

7

அந்த ஜனவரிக்குப் பிறகு இங்கே ஒரு விதைப்பும் ஒரு கோடையும் ஒரு புயலும் வந்து போய்விட்டன. டேல் இன்றைக்கு அந்த நாலு வரிசையையும் அறுத்து முடித்தார். காப்பீட்டுக்காரர் வந்து அளந்துவிட்டுப் போனாராம்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். சோளம் இந்த வருடமும் முழங்கால் உயரம் வந்துவிட்டதாம், புழு இல்லையாம், அத்தானுக்கு ஷிப்ட் மாறிவிட்டதாம். எல்லாம் சொல்லிவிட்டு, போனை வைக்கப் போகிறவள் மாதிரி நிறுத்தி, மறுபடி பேசினாள்.

“தம்பி, ஏதோ ஒரு தாள் வந்திருக்காம். உன் கையெழுத்து வேணும்னு சொல்லுதாக. நீ நேர்ல வந்துதான் போடணுமாம்.”

“யாருக்கா சொன்னா?”

“ஆபீஸுலதான். எனக்கென்ன தெரியும்? தைக்குள்ள போட்டா நல்லதாம்.”

என்ன தாள், எந்த ஆபீஸ் என்று கேட்க வாயெடுத்தேன். இப்போதெல்லாம் பாதிக் காரியம் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலண்டரில் ஜனவரியைப் புரட்டிப் பார்த்தேன்.

“வாரேங்க்கா” என்றேன்.